ஆற்று முகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்

வடக்கே பேராக் ஆறு, தெற்கே பெர்ணம் ஆறு, மேற்கே மலாக்கா நீரிணை. இந்த மூன்று தண்ணீருக்கும் நடுவில் கிடக்கிற தட்டை நிலம்தான் பாகான் டத்தோ. ஹிலிர் பேராக்கின் ஒரு பகுதியாக இருந்து 2017-இல் தனி மாவட்டமானது. தென்னந்தோப்புகள், செம்பனைக் காடுகள், மீனவர் குடியிருப்புகள், ஜெண்டராத்தா, பிளெமிங்டன் போன்ற தோட்டங்கள், அவற்றோடு வளர்ந்த தமிழ்ப்பள்ளிகள் எல்லாம் இந்த மண்ணில்தான். பல இடங்களில் நிலம் கடல் மட்டத்தை ஒட்டியே கிடக்கிறது. பெரிய அலையேற்றம் வரும் நாள்களில் கரையோரக் கம்போங்குகளுக்குள் உப்புத் தண்ணீர் ஏறிவிடும்.

சாதாரண நாளில் இங்கே கைப்பேசிக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மின்சாரம் போய், கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துபோனால் நிலைமை வேறு. ஆற்று முகத்தைத் தாண்டிப் பூலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல நாளிலும் சிக்னல் உறுதி கிடையாது. இணையமும் கைப்பேசியும் இல்லாத இடத்திலிருந்து ஓர் அமெச்சூர் வானொலியை வைத்துக்கொண்டு, ஈப்போவில் இருக்கும் ஒரு மருத்துவரின் சாதாரண மின்னஞ்சல் பெட்டிக்குக் கடிதம் அனுப்பும் முறையை இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

குரலில் சொன்னால் போதாதா?

அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் வானொலி, என்றாலே மைக்கைப் பிடித்துப் பேசுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பேச்சின் அருமையை யாரும் மறுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தம் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார். உலக ஹாம்களோடு தொடர்பு கொள்வதற்காக வியூ4ஆர்பிஐ என்ற அழைப்புக்குறியில் நடத்திக்கொண்டிருந்த நிலையத்தை அன்றே அவசரத் தகவல் நிலையமாக மாற்றினார்கள். தீவில் இருந்தவர்களின் நலம் பெருநிலத்துக்குத் தெரிந்ததில் அந்த நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இலங்கையின் தென்கரையில் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் இணைப்புக் கொடுத்தார்கள்.

ஆனால் இப்படிப்பட்ட வேளைகளில் அலைவரிசையில் போவதில் பெரும்பகுதி பட்டியல்தான். பெயர், வயது, ஊர், உயிரோடு இருக்கிறாரா, என்ன மருந்து வேண்டும். இரைச்சலுக்கு நடுவே ஐம்பது பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, மறுமுனையில் ஒருவர் எழுதி, திரும்ப வாசித்துச் சரிபார்ப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். முனியாண்டி முனியம்மாவாகிவிடுவதும் நடக்கும். 2017-இல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வானொலி அமெச்சூர்களை உதவிக்குக் கேட்டது முக்கியமாகத் தப்பியவர்களின் விவரங்களைப் பதிந்து அனுப்பத்தான். 22 தன்னார்வலர்கள் போனார்கள். அத்தகைய வேலைக்கு அவர்கள் கையில் இருந்த கருவிகளில் ஒன்றுதான் வின்லிங்க்.

என் கருத்து இதுதான்: பேசத் தெரிந்த ஒரு ஹாம் ஊருக்கு உதவி. எழுத்தைப் பிழையில்லாமல் அனுப்பத் தெரிந்த ஹாம் ஊருக்கு இன்னும் பெரிய உதவி.

வின்லிங்க் எப்படி வேலை செய்கிறது

வின்லிங்க் என்பது உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் மின்னஞ்சல் வலை. அமெரிக்காவின் அமெச்சூர் வானொலிப் பாதுகாப்பு அறக்கட்டளை இதை நிர்வகிக்கிறது. இதன் முன்னோடியான ஏபிலிங்க் மென்பொருளை 1980-களில் எழுதியவர் விக் பூர். டேட்டாபாயிண்ட் 2200 என்ற கணினியை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர். இன்டெல் 8008 சில்லின் வடிவமைப்பு அந்தக் கணினியிலிருந்துதான் வந்தது. கணினி வரலாற்றில் அவ்வளவு பெரிய இடம் உள்ளவர் ஹாம்களுக்காகவும் இப்படி ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போனது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

உங்கள் மடிக்கணினியில் ஒரு மின்னஞ்சல் நிரல் இருக்கும். விண்டோஸ் என்றால் வின்லிங்க் எக்ஸ்பிரஸ். லினக்ஸ், மேக் என்றால் பேட். எழுதிய கடிதத்தை அந்த நிரல் சுருக்கி, மோடம் மென்பொருளிடம் கொடுக்கும். மோடம் அதை ஒலியாக மாற்றும். வானொலி அந்த ஒலியைக் காற்றில் ஏற்றும். இணைய வசதி உள்ள ஏதோ ஓர் ஊரில், ஒரு ஹாம் தம் வீட்டில் இரவும் பகலும் ஓடவிட்டிருக்கும் கேட்வே நிலையம் அதைப் பிடித்து இணையத்துக்குள் தள்ளிவிடும். ஏதாவது ஒரு துண்டு சிதைந்து போனால் மறுமுனை கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே கடிதம் போனால் முழுதாகப் போகும், இல்லையென்றால் போகாது. பாதி எழுத்து மாறிப் போய்ச் சேருவது நடக்காது.

உங்கள் முகவரி, உங்கள் அழைப்புக்குறியோடு வின்லிங்க் டாட் ஆர்க் சேர்ந்தது. கணக்கு தொடங்குவதையும் முதல் கடிதம் அனுப்புவதையும் வீட்டிலேயே, இணையத்தின் வழியாகச் செய்துவிடுங்கள். நிரலில் டெல்நெட் என்ற வழி இதற்காகவே இருக்கிறது. வானொலி இல்லாமலே நிரல் கைக்குப் பழகிவிடும்.

உரிமம்

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் தொடர்பு பல்லூடக ஆணையம் (எம்.சி.எம்.சி.) தரும் அனுமதி இல்லாமல் இதில் ஒரு விநாடிகூட ஒலிபரப்ப முடியாது. தேர்வு எழுதித் தேறியவர்களுக்குத் தீபகற்பத்தில் பி பிரிவுக்கு 9டபிள்யூ2 என்றும் ஏ பிரிவுக்கு 9எம்2 என்றும் தொடங்கும் அழைப்புக்குறிகள் கிடைக்கும். எந்தப் பிரிவுக்கு எந்த பேண்ட், எவ்வளவு வாட் என்பதை உங்கள் அனுமதிப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சிற்றலைப் பக்கம் வாருங்கள். தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு 1952-இல் தொடங்கிய மார்ட்ஸ் என்ற அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் உறுப்பினர்கள் நல்ல துணை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் ஹாம்கள் தங்கள் நாட்டு உரிமம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இங்குள்ள அனுமதி முதலில் கையில் வேண்டும்.

இரண்டு விதிகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வியாபாரக் கடிதம் கூடாது. தோட்ட அலுவலகத்தின் உரக் கொள்முதலையோ தேங்காய் விலை பேரத்தையோ இதில் அனுப்ப முடியாது. அடுத்தது, மறைகுறியீடு கூடாது. அமெச்சூர் அலைவரிசையில் போவது யாரும் படிக்கக்கூடிய கடிதம். எனவே அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, ஒருவர் வெளியில் சொல்ல விரும்பாத நோய் விவரம் எதுவும் அதில் ஏறக் கூடாது. முகாமில் இருப்பவர்களின் பட்டியல் எடுக்கும்போதே, இது வானொலியில் போகிறது, மற்றவர்கள் படிக்க முடியும் என்று அவர்களிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது முறை.

மூன்றாவது ஆளுக்கான செய்திகளை நாடு விட்டு நாடு கடத்துவதில் அனைத்துலக விதிகள் பேரிடர் நேரத்துக்கு இடம் கொடுக்கின்றன. மற்ற நேரத்தில் அந்தந்த நாடுகளின் ஒப்புதலைப் பொறுத்தது. பயிற்சிக்கு அனுப்பும் கடிதங்களை உங்கள் சொந்தக் கடிதங்களாகவே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கருவிகள்

வானொலியில் ஐகாம் ஐசி-7300, ஐசி-705 போன்றவற்றில் சவுண்ட் கார்ட் உள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு யூ.எஸ்.பி. கேபிள் போதும். யேசு எஃப்டி-891 போன்ற வானொலிக்கு டிஜிரிக், சிக்னாலிங்க் மாதிரி ஓர் இடைக்கருவி வேண்டும். மோடத்துக்கு வாரா எச்எஃப் என்ற மென்பொருளைத்தான் இன்று பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். ஸ்பெயின் நாட்டு ஹாம் ஹோசே ஆல்பெர்த்தோ நியெத்தோ ரோஸ் எழுதியது. இலவசமாக ஓடும், ஆனால் வேகம் குறைவு. பணம் கட்டிப் பதிந்தால் முழு வேகம் கிடைக்கும். ஆர்டாப் முழுக்க இலவசம், கொஞ்சம் மெதுவானது. ஜெர்மனியின் எஸ்சிஎஸ் நிறுவனத்துப் பாக்டர் மோடம் தனிப் பெட்டியாக வரும். கடலோடிகள் விரும்பி வைத்திருப்பார்கள். விலையைப் பார்த்தால் ஒரு நல்ல வானொலியே வாங்கிவிடலாம். தொடங்குகிறவர்களுக்கு வாரா போதும்.

மின்சாரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 256 வாட்-மணி இருக்கிறது. வானொலி கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். 30 வாட்டில் ஒலிபரப்பும்போது 10 ஆம்பியர் போனாலும், ஐந்து நிமிட ஒலிபரப்புக்கு 1 ஆம்பியர்-மணிகூட ஆகாது. மடிக்கணினியோ 25 வாட் என்று வைத்தாலும் விடாமல் 2 ஆம்பியர் குடிக்கும். அதாவது பேட்டரியைத் தின்பது வானொலி இல்லை, கணினி. திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். கடிதங்களை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, கணினியையும் வானொலியையும் அனுப்பும் நேரத்துக்கு மட்டும் எழுப்புங்கள். அப்படிச் செய்தால் அதே பேட்டரி இரண்டு நாளைக்கும் தாங்கும்.

ஆன்டெனா: உயரம் வேண்டாம்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பாகான் டத்தோவிலிருந்து நேர்க்கோட்டில் ஈப்போ ஏறக்குறைய 70 கிலோமீட்டர், கோலாலம்பூர் 140 கிலோமீட்டர் அளவில். சிற்றலைக்கு இது சங்கடமான தூரம். தரையை ஒட்டிப் போகும் அலை அதற்குள் தேய்ந்துவிடும். உயரமாகக் கட்டிய ஆன்டெனாவிலிருந்து சாய்வாகப் போகும் அலையோ இவர்கள் தலைக்கு மேலே தாண்டிப் பாங்காக்கிலோ ஜாவாவிலோ போய் இறங்கும். பக்கத்து ஊருக்குக் கேட்காது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கேட்கும்.

இதற்கு வழி, அலையை ஏறக்குறைய செங்குத்தாக மேலே அனுப்புவது. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி அடுக்கில் பட்டு அது அப்படியே கீழே பொழியும். சுற்றிலும் 300, 400 கிலோமீட்டருக்கு இடைவெளி இல்லாமல் கேட்கும். ஈப்போவுக்குப் போகும் கடிதம் 600 கிலோமீட்டருக்கு மேல் மேலேறி இறங்கித்தான் போகிறது. அதற்கு வேண்டியது தாழ்வான கம்பி. 40 மீட்டர் பேண்டில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் நீளம். நடுவில் கேபிள், இருபுறமும் பத்துப் பத்து மீட்டர். உயரம் 3 முதல் 5 மீட்டர் போதும்.

பாகான் டத்தோவில் இதற்கு எங்கும் அலைய வேண்டாம். நேர்வரிசையில் நட்ட தென்னைகள் இருக்கவே இருக்கின்றன. எதிரெதிரான இரண்டு மரங்களில், சாதாரண ஏணிக்கு எட்டுகிற உயரத்தில், நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். கயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு துண்டு பிவிசி குழாய் இருந்தால் அதுவே இன்சுலேட்டர். கம்பியின் நடுப்பகுதியைத் தாங்க மூங்கில் கழி ஒன்று போதும். தோப்புக்காரரிடம் கேட்டால் தேங்காய் பறிக்கிற துரட்டிக் கழியில் பழையது ஒன்றைத் தருவார். மட்டை பட்டால் கம்பியின் அதிர்வெண் நகர்ந்துவிடும், ஓலையிலிருந்து விலக்கி வையுங்கள். வானொலி வைக்கும் மேசையை மரத்தடியில் போடாதீர்கள். நிழல் நன்றாகத்தான் இருக்கும்; தேங்காய் நேரம் பார்த்து விழாது. இரண்டு வரிசைக்கு நடுவே, குலை தொங்காத இடம் பார்த்து உட்காருங்கள். தோப்பு யாருடையதாக இருந்தாலும் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை.

கம்பி தாழ்வாக இருப்பதால் முனைகளில் யாரும் கை வைக்காதபடி வண்ணத் துணி கட்டுங்கள். ஒலிபரப்பும்போது முனையில் உயர் மின்னழுத்தம் இருக்கும். பிள்ளைகள் ஓடி விளையாடும் இடமென்றால் ஒருவர் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

தூரத்துக் கேட்வேயைப் பிடிக்க வேண்டுமென்றால் கணக்குத் தலைகீழ். 14 மெகாஹெர்ட்ஸில் 5 மீட்டர் நிமிர்ந்த கம்பியை, உப்புத் தண்ணீர் பக்கத்திலேயே, படகுத்துறை ஓரமாக நிறுத்துங்கள். கடல்நீரைப் போல நல்ல தரை சிற்றலைக்கு வேறு கிடையாது. அலை தாழ்வாகக் கடல் மேல் வழுக்கிப் போகும். சேற்றுக் கரையும் நன்றாகவே வேலை செய்யும்.

அதி உயர் அதிர்வெண் பக்கம், 2 மீட்டர் பேண்டில், ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஈப்போவின் கிளேடாங் மலை ஏறக்குறைய 800 மீட்டர். அந்த உயரத்திலிருந்து வானொலி அடிவானம் கணக்குப்படி 110 கிலோமீட்டருக்கு மேல் போகும். நம் தட்டைக் கரையில் மறைக்க மலை இல்லை. அப்படிப்பட்ட உயரத்தில் பேக்கெட் அல்லது வாரா எஃப்எம் கேட்வே இயங்குகிறதா என்பதை வின்லிங்க் வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இருந்தால் சிற்றலையின் இரைச்சலெல்லாம் இல்லாமல் சில நொடிகளில் கடிதம் போய்விடும்.

எந்த நேரம், எந்த பேண்ட்

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஐரோப்பிய, அமெரிக்க நூல்களில் சொல்லும் நேர அட்டவணை நமக்கு அப்படியே பொருந்தாது. பகலில் நம் தலைக்கு மேலுள்ள அயனி அடுக்கு வலுவாக இருக்கும். செங்குத்தாக அனுப்பும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை தப்பிப் போகாமல் திரும்பி வரும். நல்ல நேரம் காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை, மறுபடி மாலை நாலு மணியிலிருந்து இருட்டும் வரை. உச்சி வெயிலில் கீழடுக்கு அலையை உறிஞ்சிக்கொள்ளும். சமாளிக்கலாம், ஆனால் மெதுவாகப் போகும்.

சூரியன் மறைந்த பிறகு, முக்கியமாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அடுக்கு குலைந்து அலை நடுங்கும். சத்தம் பலமாகக் கேட்கும், கடிதம் மட்டும் நகராது. அப்போது கருவியைக் குற்றம் சொல்லி எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்காதீர்கள். 500 ஹெர்ட்ஸ் குறுகிய அலை அகலத்துக்கு மாறுங்கள், அல்லது ஒரு மணி நேரம் பொறுங்கள்.

விடியலுக்கு முந்தைய நேரம்தான் கடினம். இரவெல்லாம் தேய்ந்துபோன அடுக்கு 7 மெகாஹெர்ட்ஸை ஓட்டையில் விழுந்த தண்ணீர் போல விட்டுவிடும். அந்த நேரத்துக்கு 80 மீட்டர் பேண்ட் வேண்டும். கம்பி 40 மீட்டர். மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் சுமத்ராக் காற்று அடிப்பதும் பெரும்பாலும் இதே விடியற்காலையில்தான். மரம் விழுந்து மின்கம்பி அறுவது அப்போதுதான் என்பதால், பாகான் டத்தோவில் ஒரே ஒரு கம்பி வைத்திருப்பவரைவிட இரண்டு கம்பி வைத்திருப்பவரைத்தான் நான் தயார் நிலையில் இருப்பவர் என்று சொல்வேன்.

இடி இருக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். பேராக்கின் மாலை இடிமழையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அனுப்பும் வேளை

கிளம்புவதற்கு முன், இணையம் இருக்கும்போதே, நிரலில் கேட்வே பட்டியலைப் புதுப்பித்துவிடுங்கள். காட்டில் போய்ப் புதுப்பிப்பது எளிதில்லை. உங்கள் இருப்பிடக் குறியை உள்ளிட்டால் எந்த நிலையம் எந்த நேரத்துக்கு எட்டும் என்ற கணிப்பும் கூடவே வரும். மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா என்று ஐந்தாறு நிலையங்களைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் காட்டுவது மைய அதிர்வெண். வானொலியில் வைக்க வேண்டியது அதற்கு 1.5 கிலோஹெர்ட்ஸ் கீழே. 40 மீட்டராக இருந்தாலும் மேற்பக்கப் பட்டைதான்; வானொலியில் யூஎஸ்பி என்று காட்டும். பேச்சுப் பழக்கத்தில் கீழ்ப்பக்கப் பட்டையில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் அழைப்பவர்கள் உண்டு.

ஒலி அளவுதான் அடுத்த முக்கியம். வானொலியில் ஒலி மிகுவதைக் காட்டும் ஏஎல்சி முள் அசைந்தும் அசையாமலும் இருக்கிற அளவுக்கு மடிக்கணினியின் ஒலியைக் குறையுங்கள். கூட்டினால் வேகம் கூடும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு, அலை சிதைந்து மறுமுனைக்குப் புரியாது. விண்டோஸின் அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள். ஒலிபரப்பும்போது கணினி உறைந்துபோனாலோ மவுஸ் தானாக ஓடினாலோ, ஆன்டெனா அலை யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நுழைகிறது என்று பொருள். கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் வளையம் மாட்டி, வாட்டைக் குறைத்துப் பாருங்கள்.

முதலில் காது கொடுங்கள். அலைவரிசையில் யாராவது இருந்தால் காத்திருங்கள். வெற்றாக இருந்தால் தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். உங்கள் வானொலி சில விநாடி கரகரக்கும், அடங்கும்; அந்த அமைதியில் மறுமுனையின் கரகரப்பு மெல்லக் கேட்டால் இணைப்பு கிடைத்துவிட்டது. திரையில் மறுமுனையின் வரவேற்பு வரி வரும். பிறகு இரண்டு வானொலிகளும் மாறி மாறிப் பேசிக்கொள்ள, கடிதத்தின் அளவைக் காட்டும் பட்டை நகரும். சில நூறு எழுத்துள்ள கடிதம் நல்ல நிலையில் அரை நிமிடம். மோசமான நிலையில் சில நிமிடம். நான்கைந்து அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் அடுத்த நிலையத்துக்குப் போங்கள். ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருப்பதில் பேட்டரிதான் போகும்.

கடிதத்தை எழுதும் விதம்

மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். பேரிடர்ப் பயிற்சிக்கு எழுதிய ஒரு கடிதம் இப்படி இருக்கலாம்:

பயிற்சி. பயிற்சி. பயிற்சி.
இடம்: சுங்கை சுமுன், பள்ளி மண்டபம்.
நேரம்: காலை 7.30.
பெரியவர் 41, பிள்ளைகள் 17, மொத்தம் 58.
இன்சுலின் வேண்டும்: 3 பேர், இன்று மாலைக்குள்.
டயாலிசிஸ்: ஒருவர், கடைசியாகச் செய்தது நேற்று முன்தினம்.
குடிநீர்: நாளைக் காலை வரை போதும்.
சாலை: முழங்கால் அளவு தண்ணீர், லாரி வரலாம், கார் வராது.
அடுத்த தகவல்: மதியம் 12.

வணக்கம் இல்லை, முன்னுரை இல்லை. மொத்தத்தைத் தனியாக எழுதியிருப்பது, படிப்பவர் கூட்டிப் பார்த்துச் சரிபார்க்க. வேண்டியது எது, எப்போதுக்குள் என்பது ஒரே வரியில் இருக்கிறது. "அவசரம்" என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைவிட "இன்று மாலைக்குள்" என்பது அதிகாரிக்கு அதிகம் சொல்கிறது. பயிற்சி என்ற சொல்லை மூன்று முறை எழுதுவதைப் பழக்கமாக்குங்கள். பயிற்சிக் கடிதத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டு யாராவது படகைக் கிளப்பிவிட்டால் அது பெரிய கேடு. மீட்பு அமைப்புகளுக்கு அனுப்பும்போது நிரலுக்குள் இருக்கும் ஐசிஎஸ் 213 போன்ற படிவங்கள் உதவும்.

தமிழில் அனுப்பலாமா? பலர் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. லயத்தில் இருக்கும் ஒரு பாட்டிக்கு வரும் செய்தி அவர் படிக்கிற எழுத்தில் இருப்பதே நல்லது. வின்லிங்க் நிரல்கள் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கடிதத்தின் உள்ளே நேரடியாகத் தமிழைத் தட்டினால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகச் சிதையக்கூடும். தமிழை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில், யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, இணைப்பாக அனுப்புங்கள். இணைப்பு எப்படிப் போகிறதோ அப்படியே போய்ச் சேரும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். "அம்மா" என்பதற்கு 15 பைட். சுருக்கிய பிறகு அது ஒரு பாரமே இல்லை. கடிதத்தின் மேலே ரோமன் எழுத்தில் இரண்டு வரிச் சுருக்கம் எழுதிவிட்டால், இணைப்பைத் திறக்க முடியாதவரும் விஷயத்தைப் புரிந்துகொள்வார்.

கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே இணைக்காதீர்கள். ஒரு கடிதத்துக்கு உச்ச அளவு 120 கிலோபைட்; படமோ 3 மெகாபைட் இருக்கும். உடைந்த மண்கரையின் படம் கட்டாயம் போக வேண்டுமென்றால் 20, 30 கிலோபைட்டுக்குச் சுருக்கி, நல்ல நேரத்தில் மட்டும் அனுப்புங்கள். எழுத்து முதலில், படம் பிறகு.

உப்பும் கடலும்

இந்தக் கரையில் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்னும். கேபிள் இணைப்பான்களை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் கம்பியையும் கயிற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

பூலாவ் செம்பிலானுக்குப் போகிறவர்கள், இறங்க அனுமதி வேண்டுமா என்பதைப் படகுக்காரரிடமும் மாவட்ட அலுவலகத்திடமும் முன்பே கேளுங்கள். எல்லாவற்றையும் நீர் புகாத பைக்குள் போடுங்கள். கடலில் ஆபத்து என்றால் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கடல்சார் வானொலியின் சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ், கைப்பேசிச் சிக்னல் எட்டினால் 999. வின்லிங்க் கடிதத்தை யாராவது திறந்து படிக்கும்வரை அது ஒரு பெட்டியில் கிடக்கும். உயிர் போகிற அழைப்புக்கு அந்தக் காத்திருப்பு ஆகாது.

செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதே, இது எதற்கு என்று கேட்கலாம். 2023-இல் ஸ்டார்லிங்க் மலேசியாவில் உரிமம் பெற்றது. வசதியுள்ளவர் வைத்துக்கொள்ளட்டும், நல்லதுதான். ஆனால் தட்டுக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும், சந்தா வேண்டும், உடைந்தால் மாற்றுப் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். கம்பி அறுந்தால் தோப்பிலேயே முறுக்கிக்கொள்ளலாம். ஒரு தாமானுக்கோ தோட்டத்துக்கோ இரண்டும் இருந்தால் இரண்டையும் பழகி வைப்பதே நியாயம்.

பதில் வரும் வழி

கடைசியாகச் செய்ய வேண்டியதும் பலர் மறந்துவிடுவதும் இது. வின்லிங்குக்கு வெளியே இருக்கும் முகவரிகளிலிருந்து உங்களுக்கு வரும் கடிதங்களைக் குப்பை அஞ்சல் என்று அது தடுத்துவிடும். நீங்கள் ஒருவருக்கு எழுதிவிட்டால் அவர் முகவரி உங்கள் அனுமதிப் பட்டியலில் தானாகச் சேரும்; அதன் பிறகு அவர் பதில் வரும். முன்பு எழுதாத ஒருவர் முதலில் எழுத வேண்டுமென்றால், தலைப்பின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டு டபிள்யூ, எல், 2, கே என்ற நான்கு குறிகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டாருக்கும், பள்ளித் தலைமையாசிரியருக்கும், கோயில் நிர்வாகத்துக்கும், ஊர் மருத்துவருக்கும் அமைதியான நாளிலேயே ஆளுக்கொரு கடிதம் அனுப்பி வைத்துவிடுங்கள். அவர்கள் பதில் போடும்போது பழைய கடிதத்தை முழுக்கக் கீழே ஒட்டி அனுப்ப வேண்டாம் என்றும், கையெழுத்துப் படம், சின்னம் எதுவும் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவர்கள் பெட்டியில் அது ஒன்றுமில்லை. உங்கள் கம்பியில் அது பத்து நிமிடம்.

பதில்கள் தாமாக உங்களைத் தேடி வாரா. ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் கேட்வேயை அழைத்து வாங்க வேண்டும். ஆகவே எழுதும் கடிதத்தின் கடைசி வரியில், அடுத்து எந்த மணிக்கு இணைவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, அந்த மணிக்குக் கட்டாயம் இணையுங்கள். பதிவேட்டில் நேரம், நிலையம், அதிர்வெண், கிடைத்ததா இல்லையா என்ற நான்கையும் எழுதி வாருங்கள். ஓராண்டுப் பதிவு சேர்ந்துவிட்டால், பாகான் டத்தோவுக்கென்றே ஒரு நேர அட்டவணை உங்கள் கையில் இருக்கும். அதைப் பக்கத்து ஊர் ஹாம்களுக்கும் ஒரு படி எடுத்துக் கொடுங்கள்.